கருவாட்டுப் பானையோடு கட்டிவைத்த மாத்திரை

குமாரு,

உன் அம்மாவின் கையெழுத்துதான் இது. மைக்குள் விழுந்த எறும்பு எழுந்து ஊரைச் சுற்றின மாதிரி இருக்கிறதே என்று சிரிக்காதே. ஐந்தாம் வகுப்புப் பாதியிலேயே என்னை மாடு மேய்க்க அனுப்பிய உன் தாத்தாவைத்தான் கேட்க வேண்டும், அவரும் இப்போது கேட்கிற இடத்தில் இல்லை. கடைப் பலகையில் இட்லி, பொங்கல், வடை என்று எழுதுவதைத் தவிர இத்தனை வருஷத்தில் நான் வேறு எதுவும் எழுதியதில்லை. இன்றைக்கு மத்தியானம் அடுப்பை அணைத்து, கடையைச் சாத்திவிட்டு, உன் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் பகலில் கடையைச் சாத்தினால் யார் வீட்டிலோ சாவு என்று ஊருக்கே தெரியும். மலைக்குப் போகிற பஸ் நம் கடை முன்னால் திரும்பும்போது கண்டக்டர் தலையை நீட்டி, “இன்னாக்கா, யாரு பூட்டாங்க?” என்று கேட்டார். “யாரும் போவல, நீ போ” என்றேன்.

ஊரில் எல்லா வேலையும் ஒழுங்காக நடக்கிறது. கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. கரகச் செம்பைப் புளி போட்டுத் துலக்கி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். கடையிலிருந்து பார்த்தால் கண்ணில் குத்துகிறது. பம்பைக்காரர்கள் நேற்றே வந்துவிட்டார்கள், தோலைக் காயவைத்துத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள். இந்த ஆடியில் ஜவ்வாது மலை மேல் ஒரு துண்டு மேகம் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னாலும் இதே மாதிரி வெயில்தான் அடித்தது. ஒன்பது பங்காளி வீட்டுக்கும் வருஷத்துக்கு ஒரு வீடாக முறை சுற்றி, இந்த வருஷம் மறுபடி நம் வீட்டுக்கு வந்திருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை உன் கையில் காப்பு கட்டுவார்கள். அடுத்த செவ்வாய் உச்சி வெயிலில் உன் தலையில் பூங்கரகத்தைத் தூக்கி வைப்பார்கள். உங்கப்பா கீழே விட்ட கரகத்தை நீ ஏந்தி, ஐந்து தெருவும் ஆடி, கோயிலில் கொண்டுபோய் இறக்கி, அவர் பேரைக் கழுவப்போகிறாய். நல்ல பிள்ளை. உன்னை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைய வேண்டும். நிறையவில்லை, குமாரு.

நேற்றுக் காலையில் செல்வி எனக்குப் போன் பண்ணினாள். உன் பெண்டாட்டி போன் பண்ணினால் முதலில் என்னை நாலு கிண்டல் பண்ணாமல் விஷயத்துக்கு வரமாட்டாள். மாமியாருக்கு ஏற்ற மருமகள். நேற்றுக் கிண்டலே இல்லை. “அத்தே, இவுருக்கு ஞாயித்துக்கெழம மூக்குல ரத்தம் வந்துச்சு. சட்டையெல்லாம் ஆயிடுச்சு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாரு” என்றாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் உன் கம்பெனியில் எல்லோருக்கும் பிரஷர் பார்த்தார்கள், உனக்கு மேலே நூற்றெழுபது இருந்தது, டாக்டர் மறுபடி இரண்டு தரம் பார்த்துவிட்டுத் தினமும் போடச் சொல்லி மாத்திரை கொடுத்தார், இரண்டரை மாதம் ஒழுங்காகப் போட்டாய், இப்போது பதினைந்து நாளாக அட்டையைத் தொடவே இல்லை. முப்பது வயசில் பிரஷர். உங்கப்பா உனக்கு நிலத்தைத்தான் விட்டுப்போனார் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம்தான் உனக்குப் போன் பண்ணினேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். “அம்மா, காப்பு கட்டிக்கினு மாத்திரையப் போட்டு அப்பா தீட்டாக்கிட்டாரு. அதனாலதான் கரகம் வுழுந்துச்சுன்னு பெரியத்தைலேர்ந்து ஊரே சொல்லுது. அவரு பண்ண தப்ப நான் பண்ண மாட்டேன். இப்பலேர்ந்தே சுத்தமா கீறேன்” என்றாய். நான், “டேய், அது இல்லடா, கேளுடா” என்றேன். “வண்டில கீறேன், வெச்சிடுமா” என்று வைத்துவிட்டாய். அதற்கப்புறம் ஏழு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. செல்வியிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் இதை நீ மருமகள் வாயால் கேட்கக்கூடாது. நம் கடையில் டீ குடிக்கிற லாரி டிரைவர் ஒருவர் நாளைக் காலையில் ஓசூர் போகிறார். அவர் கையில் இந்தத் தாள்களைக் கொடுத்து அனுப்பப்போகிறேன். போனில் என்றால் நீ பாதியில் அறுத்துவிடுவாய். இதை அறுக்க முடியாது. முழுசும் படி.

உங்கப்பா காப்பு கட்டிக்கொண்டு மாத்திரை போடவில்லை. ஒரு நாள்கூடப் போடவில்லை. போடவிடாமல் எடுத்து ஒளித்தவள் நான்.

அந்த வருஷம் நீ வாணியம்பாடியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய், ஊரில் நடந்தது எதையும் பார்க்கவில்லை. உங்கப்பாவுக்கு அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே பிரஷர் வந்துவிட்டது. முதலில் கொடுத்த மாத்திரை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கால் வீங்கி யானைக்கால் மாதிரி ஆனது. நான் விடுவேனா? “கோயிலுக்கு யானை வேணும்னாங்க, எங்க வூட்டுக்காரர இட்டுனு போங்க” என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். டாக்டர் அதை மாற்றி வேறு கொடுத்தார், வீக்கம் வடிந்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. உங்கப்பா சோம்பேறிதான், ஆனால் இதில் மட்டும் கடிகாரம் மாதிரி. வாய் கொப்பளித்ததும் மாத்திரை, அப்புறம்தான் டீ. “இதப் போடலைன்னா உன் வாய்க்குப் பதில் சொல்ல தெம்பு வராதுடி” என்பார். மாத்திரை போட ஆரம்பித்த பிறகு பின்மண்டை வலி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதனால்தான் எனக்கு அதன் அருமை தெரியவில்லை. ஒன்றுமே ஆகாத மனுஷன் எதற்கு இதை விழுங்குகிறார் என்று நினைத்தேன்.

காப்புக்கு முன்னால் நம் பக்கம் எல்லா வீட்டிலும் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். வீட்டைக் கழுவி, கறிச்சட்டி, மீன்சட்டி, கருவாட்டுப் பானை எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைப்போம். நான் அப்படிக் கட்டிக்கொண்டிருந்தபோது உன் பெரியத்தை வந்தாள். உங்கப்பாவின் அக்கா சுத்தம் பார்ப்பதில் ஊருக்கே அதிகாரி. அலமாரியில் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, “இன்னாடி இது? மாத்திரைய மாட்டு எலும்புலதான் பண்றாங்களாம். இத வூட்ல வெச்சிக்கினு காப்பு கட்டப் போறாரா?” என்றாள். எலும்பை வைத்துச் செய்வது கேப்சூல் என்று மேல்கூடு போட்ட மருந்துகளில் சிலதைத்தான், உங்கப்பாவுடையது வெறும் வெள்ளை வில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. தெரியாததுகூடத் தப்பில்லை, நூறு அடி நடந்தால் நர்ஸம்மா வீடு, போய்க் கேட்டிருக்கலாம். நாத்தனார் என்னைச் சுத்தமில்லாதவள் என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் பயந்தேன். இரண்டு அட்டையையும் கருவாட்டுப் பானைக்குள் போட்டு, சாக்கை இறுக்கிக் கட்டி, பம்புசெட் அறையில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் காலையில் உங்கப்பா தேடினார். “மாத்திர எங்கடி?” என்றார். “ஆத்தா காப்பு கட்டிக்கிறீங்க, ஆத்தாவே பாத்துப்பா. எட்டு நாள்தானே” என்றேன். “டாக்டர் ஒருநாளும் வுடக்கூடாதுன்னாரு.” “டாக்டரா வந்து கரகம் தூக்கப்போறாரு?” என்றேன். பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். நாலு பேர் சிரித்துவிட்டால் உங்கப்பா அதற்கு மேல் பேசமாட்டார், உனக்குத் தெரியுமே. நான் அவரை வாயாலேயே கட்டிப்போட்டுப் பழகியிருந்தேன். மூன்றாம் நாள் பின்மண்டை கனமாக இருக்கிறது என்றார். “கரகம் ஏத்தறதுக்கு முன்னாடியே கனமா கீதா? ஏத்தினா இன்னா பண்ணுவீங்க?” என்றேன். ஐந்தாம் நாள் காலையில் எழுந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஏழாம் நாள், கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றார். கையால் ஓட்டிக்கூடக் காட்டினார். அதற்கும் நான் எதையோ சொல்லிச் சிரித்தேன். என்ன சொன்னேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதை மட்டும் எழுதமாட்டேன்.

கரகம் ஏற்றிய அன்றைக்கு முதல் இரண்டு தெரு வரைக்கும் ராஜா மாதிரி ஆடினார். மூன்றாவது தெருமுனையில் தண்ணீர் ஊற்ற நான் குடத்தோடு நின்றிருந்தேன். வந்தார். அவர் முகம் சிவந்து இருந்தது, பக்தியில் சிவந்திருக்கிறது என்று பெண்கள் குலவை போட்டார்கள். கரகத்தைப் பிடித்திருந்த வலது கை, யாரோ மெதுவாக விரலைப் பிரித்துவிட்ட மாதிரி, தானாகக் கீழே வந்தது. அவரும் அதைத் திரும்பிப் பார்த்தார், அது யாருடைய கை என்கிற மாதிரி. பிறகு செம்பு தெருவில் உருண்டது. பம்பை நின்றுவிட்டது. எல்லோரும் விழுந்த செம்பைத்தான் பார்த்தார்கள், குமாரு. விழுந்த மனுஷனை யாரும் உடனே பார்க்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, “மாத்திரை ஒழுங்கா போட்டாராம்மா?” பக்கத்தில் உன் பெரியத்தை நிற்கிறாள், பங்காளிகள் நிற்கிறார்கள். உண்மையைச் சொன்னால் புருஷனைப் படுக்கவைத்தவள் என்று ஆகிவிடுமே என்று வாய் முந்திக்கொண்டது. “ஒருநாள் வுடாம போட்டாருங்க டாக்டர்” என்றேன். அந்த ஒரு பொய் இரண்டு பக்கமும் வெட்டியது. இவ்வளவு போட்டும் கேட்கவில்லையே என்று டாக்டர், உங்கப்பாவைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பும்போது, மாத்திரையைக் கூட்டி எழுதினார். வீட்டில் அவரைத் தூக்கி உட்காரவைத்தால் கண் சொருகி மயங்குவார், வேறொரு டாக்டர் பார்த்துக் குறைக்கும்வரை ஒரு மாதம் அப்படித்தான் கிடந்தார். இன்னொரு பக்கம் உன் பெரியத்தை. ஆஸ்பத்திரி வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். “காப்பு கட்டிக்கினு தெனம் மாத்திர போட்டானாமே! அதான் ஆத்தா தட்டிட்டா!” சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் அதுதான் பேச்சு. இன்றைக்கு வரைக்கும் அதுதான் பேச்சு. நீ டீக்கடையில் ஒருத்தனை அடித்துவிட்டு வந்தாயே, அவன் சொன்னதும் அதுதான்.

உங்கப்பாவுக்கு வாய் கோணிப் பேச்சு வரவில்லை, ஆனால் காது நன்றாகக் கேட்டது. வருகிறவர்கள் எல்லோரும் கட்டில் பக்கத்தில் நின்றே அதைப் பேசினார்கள். அவர் என்னைப் பார்ப்பார். நான் கஞ்சியை ஆற்றுவேன். ஒரு வருஷம் கழித்து நாலைந்து வார்த்தை திரும்ப வந்தது. தண்ணி, வலி, குமாரு, போதும். ஒருநாள் நான் தாங்காமல் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, “ஊர்ல சொல்லிட்றேங்க, நான்தான் எடுத்து வெச்சேன்னு சொல்லிட்றேன்” என்று அழுதேன். அவர் இடது கையைத் தூக்கி, “வுடு” என்றார். அது ஐந்தாவது வார்த்தை. நீ வந்து பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் அவர் சொல்லியிருக்கலாம். ‘அம்மா’ என்று என் பக்கம் விரலைக் காட்டியிருந்தால்கூட உனக்குப் புரிந்திருக்கும். காட்டவில்லை. அவர் விடு என்றதை நான் வசதியாகப் பிடித்துக்கொண்டேன். அவரை எடுத்துப்போட்டு ஏழு வருஷம் ஆகிறது, நான் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் கடையில் மிஞ்சின வடையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பூசாரி மாமா வீட்டுக்குப் போனேன். காப்பு கட்டுகிறவர் அவர், விதி என்ன என்று அவர் வாயால் கேட்டுவிடலாம் என்றுதான். என்னைப் பார்த்ததும், “இன்னாம்மா, வித்துப்போவாத வடையெல்லாம் ஆத்தாவுக்கா?” என்றார். “உங்களுக்குத்தான் மாமா, பல்லு இருந்தா தின்னுங்க” என்றேன். அவர் திருநீற்று டப்பா மாதிரி ஒன்றைத் திறந்து, இரண்டு வில்லையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

“இன்னா மாமா அது?”

“பிரஷருக்கு. பதினோரு வருஷமா போடறேன்.”

“காப்பு கட்டினாலுமா?”

“கட்டினா வுட்ருவாங்களா? ஆத்தாவ நான் தூக்கினு அலையணும். இதப் போடலன்னா என்னை நீங்க தூக்கினு அலைவீங்க.”

“கூடாதுன்னு சொல்றாங்களே?”

“யாரு சொன்னா? நான் கறி கூடாதுன்னேன், சாராயம் கூடாதுன்னேன், பொய் கூடாதுன்னேன். மாத்திரைய யாரு கேட்டா? எங்கப்பன் காலத்துல மாத்திரையே இல்ல, அதுக்கு எங்கேர்ந்து விதி வரும்?”

அப்படியே படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபமாகக்கூட இல்லாமல், “ஒம்போது வருசமா நான் இன்னா நெனச்சிக்கினு கீறேன் தெரியுமா? செம்ப நான்தான் சரியா ஜோடிக்கலையோ, எங்கியோ மந்திரத்த வுட்டுட்டேனோன்னு. ஒவ்வொரு வருசமும் கரகத்த ஏத்தும்போது என் கை நடுங்குது. எல்லாரும் வயசுன்னு நெனைக்கிறாங்க” என்றார். அப்புறம், “ஊருக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டா?” என்றார். “நானே சொல்றேன் மாமா. செவ்வாக்கெழம, எம்புள்ள கைய நீட்டறதுக்கு முன்னாடி” என்றேன். “புள்ள அது வரைக்கும் நல்லா இருக்கணுமே” என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த வார்த்தை என்னோடு வீட்டுக்கு வந்தது, இப்போதும் எதிரில் உட்கார்ந்திருக்கிறது.

பதினைந்து நாள், குமாரு. உங்கப்பாவுக்கு எட்டு நாள்தான் ஆனது. மூக்கில் வந்த ரத்தத்தை வெயில் என்று செல்வியிடம் சொன்னாயாம். உங்கப்பாவும் பூச்சி என்றுதான் சொன்னார். பின்மண்டை கனமாக இருக்கிறதா, கண் மங்குகிறதா என்று நான் போனில் கேட்டால் இல்லை என்பாய், அதனால் கேட்கப்போவதில்லை. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் வேலைக்குப் போகாதே. செல்வியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ, பிரஷர் பார்க்கச் சொல். பதினைந்து நாள் விட்டுவிட்டேன் என்று வாயைத் திறந்து சொல். என்னை மாதிரி டாக்டரிடம் கௌரவம் பார்க்காதே. விட்டதற்கெல்லாம் சேர்த்து ஒரே வேளையில் அள்ளி விழுங்கிவிடாதே, நீ அப்படிப்பட்ட புத்திசாலி என்று எனக்குத் தெரியும். அவர் எதைச் சொல்கிறாரோ அதைச் செய். மாத்திரை கால் வீங்கவைத்தால், இருமல் வந்தால், எழுந்தால் தலை சுற்றினால், அதையும் அவரிடம் சொல், மாற்றிக் கொடுப்பார். நீயாக நிறுத்தாதே. அவர் கரகம் தூக்கலாம் என்றால் தூக்கு. கூடாது என்றால் அடுத்த பங்காளி வீடு தூக்கட்டும், நம் முறை ஒன்பது வருஷம் கழித்து மறுபடி வரும். உங்கப்பா பேரைக் கழுவ நீ வெயிலில் ஆட வேண்டியதில்லை. அழுக்காக்கினவள் நான் உயிரோடு இருக்கிறேன், நான் கழுவுகிறேன். செவ்வாய்க்கிழமை கோயில் முன்னால் உன் பெரியத்தை, பங்காளிகள், உன்னிடம் அடிவாங்கினவன், எல்லோரும் நிற்பார்கள். நீ வந்தாலும் வராவிட்டாலும் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லுவேன். அதற்கப்புறம் நம் கடையில் டீ குடிக்க யாரும் வரமாட்டார்கள் என்றால் நானே போட்டு நானே குடித்துக்கொள்கிறேன்.

இதைப் படித்ததும் உனக்கு என்மேல் வெறுப்பு வரும். வரட்டும். உங்கப்பா எதிரில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்க, நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்ததை நினைக்க நினைக்க ரத்தம் கொதிக்கும். பேசமாட்டாய், வீட்டுக்கு வரமாட்டாய், என் கையால் சாப்பிடமாட்டாய். அதற்கெல்லாம் நான் தயாராகத்தான் இதை எழுதினேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ, மாத்திரையைப் போட்டுக்கொள், அப்புறம் கோபப்படு. பத்து வருஷம் கோபமாக இரு, இருபது வருஷம் இரு, நான் போன பிறகும் இரு. அத்தனை வருஷமும் நீ இருக்க வேண்டும்.

உன் அம்மா